முதல் வரி காலியாக இருக்கிறது

நோட்டில் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பி இரண்டாவது பக்கத்தைப் பார்த்தேன், மூன்றாவதையும் பார்த்தேன், அட்டையின் உள்பக்கம்கூடப் பார்த்தேன், சிலர் அவசரத்தில் அங்கே எழுதிவிடுவதுண்டு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய நோட்டு, புதுத்தாள் வாசனை இன்னும் போகவில்லை. மணி ஒன்று நாற்பத்தொன்று. போனில் அறிவிப்பு வந்தது ஒன்று ஏழுக்கு, ஆக முப்பத்துநான்கு நிமிடம். பென்சிலை எடுத்து முதல் வரியில் ஊசிக்காரி என்று எழுதி, பக்கத்தில் நேரத்தை எழுதி, எழுதியதை ஒரு முறை வாசித்தும் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க மற்றவர்கள் கையில் ஊசி குத்துகிற எனக்கு இந்த விளையாட்டில் நானே வைத்துக்கொண்ட பெயர் அது. முதல் வரியில் அந்தப் பெயரை நான் இதுவரை பார்த்ததில்லை. சந்தோஷம் நான்கு மூச்சு நேரம் இருந்திருக்கும். ஐந்தாவது மூச்சில், குப்புராஜ் எங்கே என்று தோன்றியது. அவர் எனக்கு முன்னால் இங்கே இருந்திருக்க வேண்டும், எப்போதும் இருந்திருக்கிறார், இந்தப் பாறையில் சாய்ந்துகொண்டு, வாங்க ஊசியம்மா, இந்தத் தடவையும் ரெண்டாவதா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க ஆளில்லை. வெயில் மட்டும் பாறைமேல் வெள்ளையாக நிற்கிறது.

தெரியாதவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிப் போய், உள்ளே இருக்கிற நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. ஜியோகேச்சிங் என்று பெயர், சேலத்தில் இதை ஆடுகிற எட்டுப் பேரும் டப்பா என்றுதான் சொல்வோம். ஆனால் புது டப்பாவின் முதல் வரி ஒருவருக்குத்தான் கிடைக்கும். பதினொரு தடவை நான் மூச்சிரைக்கப் போய்த் திறந்தபோதும் அந்த வரியில் முதல்பிரதி என்று இருந்தது. அது குப்புராஜ். ஜெராக்ஸ் கடைக்காரர் வேறு என்ன பெயர் வைத்துக்கொள்வார். பதினொன்றாவது தடவைக்குப் பிறகுதான் நான் இதைப் பாடம்போலப் படிக்க ஆரம்பித்தேன். புது டப்பாவுக்கு அனுமதி தருகிற ஆள் வெளிநாட்டில் இருக்கிறார், அவருக்கு ஓய்வு கிடைப்பது நமக்குச் சனிக்கிழமை மதியம், அதனால் சனிக்கிழமை மதியம் வண்டியில் பெட்ரோல் இருக்க வேண்டும், காலில் செருப்பு இல்லாமல் ஷூ இருக்க வேண்டும். பேனா கூடாது, ஈரத்தாளில் எழுதாது, பென்சில்தான். போன் காட்டுகிற அம்பை நம்பிக் கடைசி அடிவரை போகக்கூடாது, பத்து மீட்டர் முன்னாலேயே நின்று, நானாக இருந்தால் எங்கே வைப்பேன் என்று கண்ணால் தேட வேண்டும். ஒளித்துவைப்பவரைப் படிக்க வேண்டும். இந்த டப்பாவை வைத்தவர் ஒரு கல்லூரி ஆசிரியை, குள்ளம், அவருடைய தோளுக்கு மேலே எதையும் வைத்ததில்லை, முள் பக்கம் கை நீட்டியதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரண்டு டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது நூற்றறுபது மீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி. இருக்கிற டப்பாக்களைச் சுற்றி வரைபடத்தில் வட்டம் போட்டுக்கொண்டே வந்தால் வட்டம் விழாத இடம் மிச்சப்படும். அடுத்த டப்பா அங்கேதான் வந்தாக வேண்டும். அப்படித்தான் ஆமைக்கரடு என்கிற இந்தச் சின்னப் பாறைக்குன்று எனக்கு மிச்சப்பட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், டப்பா வருவதற்கு முன்னாலேயே, வந்து பார்த்து வைத்தேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கேட் பூட்டிக் கிடக்கும், எல்லாருக்கும் தெரியும், ஆனால் கேட்டுக்கு இடதுபக்கம் கம்பிவேலி ஓரிடத்தில் தளர்ந்து ஆள் நுழைகிற அளவு இடைவெளி இருக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியும். அதனால் மற்றவர்களுக்கு மேலே வர ஒரே வழி, கரட்டின் மறுபக்கம், பழைய கல்குவாரியின் விளிம்பை ஒட்டி வருகிற தடம். அந்தத் தடத்தையும் அன்றைக்குப் பார்த்தேன். ஏன் பார்த்தேன். பார்க்காமல் திரும்பியிருந்தால் திங்கட்கிழமை அவர் கேட்டபோது தெரியாது என்றுதானே சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை குப்புராஜ் கடைக்கு ஆதார் அட்டை பிரதி எடுக்கப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. எத்தனை காப்பி என்றார், இரண்டு என்றேன், மெஷினை மூடிக்கொண்டே, ஊசியம்மா, ஆமைக்கரடு காலியாக் கிடக்குதே, பாத்தீங்களா என்றார். அவரும் வட்டம் போட்டிருக்கிறார், எனக்கு வயிறு எரிந்தது. பாத்தேன்ண்ணே, போன வாரம்கூட ஒரு நடை போனேன் என்றேன். அந்தக் குவாரி ஓரத் தடம் எப்படி இருக்கு என்று கேட்டார். மெஷினின் பச்சை வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் முடிகிற நேரம்தான் எனக்கு யோசிக்கக் கிடைத்தது. நல்லா இருக்குண்ணே, வண்டியே போகும் என்றேன். சரி சரி, அப்ப அந்தப் பக்கமே வரலாம் என்று சொல்லி இரண்டு தாளையும் தட்டிச் சமமாக்கிக் கொடுத்தார். நான் நினைத்தது இவ்வளவுதான்: அவர் குவாரிப் பக்கம் வருவார், தடம் அறுந்து கிடப்பதைப் பார்ப்பார், திட்டிக்கொண்டே திரும்புவார், வேறு வழி தேடிச் சுற்றிக்கொண்டு வர இருபது நிமிடம் வீணாகும். இருபது நிமிடம். அவருடைய கடையிலிருந்து கரடு ஒன்பது நிமிடம், என்னுடைய வேலையிடத்திலிருந்து இருபத்தைந்து, அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட எனக்கு இருபது நிமிடம் தேவைப்பட்டது. வேறு ஒன்றுமில்லை. அவருக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, நினைக்கவே இல்லை, யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஆனால் யார் கேட்பார்கள், எதற்காகக் கேட்பார்கள், நான் ஏன் இப்போதே பதில் தயார் செய்கிறேன்.

ஒருவேளை அவர் வரவேயில்லை. கடையில் கூட்டமாக இருந்திருக்கும். பள்ளிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், ஏதாவது. பாறையின் மறு ஓரத்துக்கு நடந்து போய்க் கீழே எட்டிப் பார்த்தேன், அடிவாரத்தில் புளியமரம் இருக்கிறது, மரத்தடியில் நீல நிற ஸ்கூட்டர் நிற்கிறது. நீல ஸ்கூட்டர் ஊரில் ஆயிரம் இருக்கும். அதன் முன்பக்கம் பழைய ஜெராக்ஸ் டோனர் அட்டைப்பெட்டி கட்டியிருக்கிறது. அப்படி ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. ஆக அவர் வந்திருக்கிறார். வண்டி அங்கே, நான் இங்கே, நடுவில் அந்தத் தடம், தடத்தின் ஒரு பக்கம் பாறைச்சரிவு, மறுபக்கம் குவாரி, குவாரிக்குள் மழைத்தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாக, ஆழம் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. கத்திக் கூப்பிடலாம். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது. கூப்பிடாதவரை பதில் வராததும் இல்லை. அறுந்த இடம் ஒரு கட்டில் நீளம் இருக்கும், செம்மண் தெரியும்படி புதிதாக அறுந்திருந்தது, யாருக்கும் கண்ணில் படும், அவ்வளவு பெரிய பள்ளத்தை யார் பார்க்காமல் போவார்கள். யாருக்கும் கண்ணில் படும் என்று எப்படிச் சொல்கிறேன். நான் பார்த்தது மேலேயிருந்து இறங்கும்போது. என் பக்கத்திலிருந்து செம்மண் தெரிந்தது. அவர் பக்கத்தில் என்ன தெரியும். அந்தப் பக்கத்து விளிம்பில் புல் இருந்தது, ஊசிப்புல், இடுப்பளவு, மழையில் சாய்ந்து பள்ளத்தின்மேல் படுத்திருந்தது. ஆமாம், படுத்திருந்தது, இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, அன்றைக்கே பார்த்தேன், பந்தல் போட்டது மாதிரி இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். கீழேயிருந்து வேகமாக வருகிறவருக்கு அது தடமாகத்தான் தெரியும். கையிலிருக்கிற வழிகாட்டிக் கருவியைப் பார்த்துக்கொண்டே வருகிறவருக்கு அதுகூடத் தெரியாது. இதைத் திங்கட்கிழமை யோசித்தேனா இல்லையா. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். யோசிக்கவில்லை. பந்தல் மாதிரி என்று நினைத்தவள் அதை எப்படி யோசிக்காமல் இருந்தேன்.

போன் செய்தேன். விரல் வியர்த்து எண் விழவில்லை, புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மணி அடித்தது. குவாரிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காதால் போனையும் மறு காதால் காற்றையும் கேட்டேன். நான்கு தடவை, ஐந்து தடவை, எடுத்துவிட்டார்கள், பெண் குரல், அவர் மனைவி ரேணுகா. யாருங்க. நான் லேப் வசுமதி பேசறேன், அண்ணன் இல்லீங்களா. அட சிஸ்டரா, அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க, தட்டுல சோறு போட்டு வைக்கறேன், போன்ல டிங்குன்னு ஒரு சத்தம், சோத்தை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சு ஓடறாரு, போனைக்கூட எடுக்கல, அந்த இன்னொரு மெஷினை மட்டும் தூக்கிக்கிட்டு ஓடறாரு. போனை அவர் எப்போதும் நம்புவதில்லை, கையடக்கமான பழைய வழிகாட்டிக் கருவி ஒன்று வைத்திருக்கிறார். சாப்பிடவே இல்லீங்களா என்றேன். ஒரு வாய் வைக்கல சிஸ்டர், ஊசி வேற போட்டுக்கிட்டாரு, போட்டா கால் மணியில சாப்பிடணும்னு நீங்கதானே சொன்னீங்க, நீங்க சொன்னா கேப்பாரு, கொஞ்சம் திட்டி விடுங்க, உங்களைக் கண்டா ஒரு மரியாதை அவருக்கு. சரி, பாத்தா சொல்றேன் என்று வைத்துவிட்டேன். பாத்தா சொல்றேன். நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. ஒரு மணிக்கு இன்சுலின், இப்போது ஒன்று ஐம்பத்திரண்டு, சாப்பாடு இல்லை, வெயில், ஏற்றம். சர்க்கரை இறங்கியிருக்கும். முதலில் வியர்வை, பிறகு கை நடுக்கம், பிறகு யார் என்ன சொன்னாலும் புரியாது, பிறகு விழுவார்கள். நான் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சர்க்கரை இறங்கி எங்கேயாவது உட்கார்ந்திருக்கலாம், மயங்கியிருக்கலாம், அப்படியென்றால் அது தடத்தால் வந்ததில்லை, ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஓடி வந்தது அவர் தப்பு. இந்த நினைப்பு வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இளகிச் சுலபமாக மூச்சு வந்தது. அந்த மூச்சு வந்ததுதான் இன்றைக்கு நடந்த எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது. ஒரு மனிதர் மயங்கிக் கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிறேன். பத்து நிமிடத்துக்கு மேலாக இந்தப் பாறையைவிட்டு ஓரடி நகரவில்லை. போனால் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் நகரவில்லை. டப்பாவை இடுக்கில் வைத்தேன், முன்பிருந்த மூன்று கற்களை அதேபோல அடுக்கினேன், இந்த நேரத்திலும் அதேபோல அடுக்கினேன், பிறகு குவாரிப் பக்கம் இறங்கினேன்.

இறங்குகிற தடம் நன்றாகத்தான் இருக்கிறது, வண்டியே போகும். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்த விதம் ஒவ்வொரு அடிக்கும் கேட்கிறது. தண்ணீரைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். பச்சையாக, அசையாமல், பாசி முழுதாக மூடியிருக்கிறது. ஏதாவது விழுந்திருந்தால் பாசி விலகியிருக்கும். எவ்வளவு நேரத்தில் மறுபடி மூடும். எனக்குத் தெரியாது. சோதனைக் குழாயில் ரத்தம் உறைகிற நேரம் தெரியும், பாசி மூடுகிற நேரம் தெரியாது. ஓரிடத்தில் பாசிக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு, கால்கள் நின்றுவிட்டன, கோடு அசைந்தது, தண்ணீர்ப்பாம்பு, அது போன பிறகும் என் கால்கள் வரவில்லை, கையால் பாறையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். வளைவில் திரும்பியதும் செம்மண் தெரிந்தது. பள்ளம் முன்பு பார்த்ததைவிட அகலமாக இருக்கிறது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், விளிம்பிலிருந்து இரண்டடிகூட இருக்காது, ஒரு முதுகு. கட்டம் போட்ட சட்டை, வியர்த்து ஒட்டியிருக்கிறது. குப்புராஜ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே தடத்தைப் பார்த்தபடி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணே என்று கத்த வாய் வந்துவிட்டது, பல்லைக் கடித்து நிறுத்தினேன். சத்தம் கேட்டுத் திடுக்கென்று திரும்பினால் பின்னால் இரண்டடிதான். அவர் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிகிறது, சட்டென்று நிமிர்கிறது, மறுபடி குனிகிறது. எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார். அறுந்தது தெரிந்துவிட்டதே, திரும்பிப் போயிருக்கலாமே. பாறைச்சரிவில் ஏறிச் சுற்றிக்கொண்டுதான் அவர் முன்னால் போய் நிற்க முடியும், உண்ணிச்செடி முள், புடவை கிழிகிற சத்தம்கூட அவருக்குக் கேட்கக்கூடாது. ஒரு கல் என் காலடியிலிருந்து உருண்டது. கல் நின்ற பிறகும் வெகுநேரம் நான் மூச்சு விடவில்லை. அவர் திரும்பவில்லை. காது கேட்கிற நிலையில் இல்லையோ என்று அதற்கும் பயந்தேன்.

முன்பக்கம் இறங்கி நின்றபோதுதான் பார்த்தேன், தடத்தின் குறுக்கே இரண்டு கருவேல முள்கிளைகளை இழுத்துப் போட்டு, அவற்றின்மேல் கல் வைத்திருந்தார். அதற்கு அந்தப் பக்கம் அவர். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. முகம் வெளுத்து, மீசையில் வியர்வை சொட்டியது. யாரு என்றார். நான்தான்ண்ணே. ஊசியம்மாவா, நில்லுங்க, நில்லுங்க, இங்கிட்டு வராதீங்க. கைப்பையைக் கொட்டினேன், மருந்துக்கடையில் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்த மிட்டாய்கள் ஐந்தாறு இருந்தன, நான்கைப் பிரித்து, முள்ளைத் தாண்டிப் போய் அவர் வாயில் வைத்தேன். கடிச்சு முழுங்குங்க, பேசாதீங்க. அவர் பேசினார். தடம் போயிருச்சுங்க, புல்லு மூடிக்கிட்டு நிக்குது, ஒரு காலு முழுசா உள்ள போயிருச்சு, அந்த வேரைப் புடிச்சு ஏறுனேன். அப்புறம் ஏன்ண்ணே இங்கயே உக்காந்திருக்கீங்க, சாப்பிடாம வேற. மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார், கேட்கவே தேவையில்லாததைக் கேட்டதுபோல. நீங்க வருவீங்கள்ல பின்னாடியே. இந்தத் தடம் நல்லா இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்கற ஆளு நீங்க. பாவம், மழைக்கு முன்னாடி பாத்திருப்பீங்க. ஓடி வந்தீங்கன்னா கீழயா பாக்கப் போறீங்க. முள்ளை இழுத்துப் போட்டேன், அதையும் தாண்டி வந்துருவீங்கன்னு பயம், முதல் வரி வேணும்னா நீங்க எதையும் தாண்டுவீங்க, அதான் கத்திச் சொல்லிரலாம்னு உக்காந்துட்டேன். ரேணுகா வையப் போறா. சிரித்தார், சிரிக்கும்போது பல்லில் மிட்டாய் ஆரஞ்சு நிறமாக ஒட்டியிருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன், ஈரமாக, சில்லென்று, நடுங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த இரண்டையும் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பேச்சு தெளிவானது. எந்திரிங்க, மெதுவா இறங்குவோம், கடைக்குப் போய்ச் சோறு சாப்பிடணும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேலேயிருந்து வந்தீங்களே, பேரு போட்டாச்சா. போட்டாச்சுண்ணே. எத்தனை மணி. ஒண்ணு நாப்பத்தொண்ணு. அடேங்கப்பா, பதினொண்ணுக்கு ஒண்ணு, எப்படிங்க மேல போனீங்க, சொல்லுங்க, இல்ல சொல்லாதீங்க, நானே கண்டுபிடிக்கறேன். இவர் இதைக் கடையில் எல்லாரிடமும் சொல்வார். ஊசியம்மாவுக்காக முள் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன், கடைசியில் ஊசியம்மா வந்து என்னைக் காப்பாற்றினார் என்று சொல்வார். ரேணுகா என் கையைப் பிடித்து அழுவாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் நிற்க வேண்டும், இந்த வாரம், அடுத்த வாரம், ஒவ்வொரு முறை பிரதி எடுக்கப் போகும்போதும். குவாரியைப் பார்த்தபோது வந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அவரே எனக்குக் காரணம் சொல்லிவிட்டார், மழைக்கு முன்னாடி பாத்திருப்பீங்க. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். நான்கு அடி இறங்கினோம், ஐந்தாவது அடியில் என் வாய் தானாகத் திறந்தது. மழைக்கு அப்புறம்தான் பாத்தேன்ண்ணே. என்னது என்றார். தடம் போனது எனக்குத் திங்கட்கிழமையே தெரியும், பாத்துட்டுத்தான் நல்லா இருக்குன்னு சொன்னேன். அவர் நின்றார். திரும்பி முள்கிளைகளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவர் விரல்கள் என் கையிலிருந்து ஒவ்வொன்றாக விலகின. இன்னும் பாதித் தடம் இருந்தது, ஒரு அடி தனியாக வைத்துப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டார், ஆள் கையைப் பிடிப்பதுபோல இல்லை, வழியில் இருக்கிற ஒரு கம்பத்தைப் பிடிப்பதுபோல. அப்படியே கீழே இறங்கினோம்.